சாம்பலுக்கு என்ன விலை?

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவத் தம்பிகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். "சார், ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே பதினோரு பேர் அதையே எழுதிக் கொடுத்திருக்காங்க." நியாயமான நிபந்தனை. மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத நினைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டேன். சாம்பாருக்குப் பதில் சாம்பலைப் பற்றி எழுதுகிறேன்.

இதற்கும் ஒரு தம்பிதான் காரணம். 2025 டிசம்பர் கடைசியில் சங்கக் கமிட்டிக் கூட்டம் முடிந்து டீ குடித்துக் கொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "சார், நீங்க இன்ஷூரன்ஸ்ல இருந்தவர்னு சொன்னாங்க. ஒரு டவுட் கேக்கலாமா?" என்றார். அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 23-ஆம் தேதி, எத்தியோப்பியாவில் ஹேலி குபி என்ற எரிமலை வெடித்திருந்தது. அதன் சாம்பல் செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன், பாகிஸ்தான் வழியாக மறுநாள் இரவுக்குள் வட இந்திய வானத்துக்கு வந்துவிட்டது. விமானங்கள் சில ரத்தாயின. அதைப் பேப்பரில் படித்த தம்பிக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது.

"எரிமலை வெடிச்சா ஏர்லைன் ஷேர் விழும்ல சார்? விழுந்ததும் வாங்கிட்டு, சாம்பல் போனதும் வித்துட்டா லாபம்தானே? அப்பா ரிடயர் ஆகி வந்த பணத்துல ரெண்டு லட்சம் தர்றேன்னு சொல்லியிருக்கார்."

முதல் பாதியைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரெண்டு லட்சம் என்றதும் சிரிப்பு போய்விட்டது. டீ ஆறுகிற வரைக்கும் ஏதோ சொல்லி வைத்தேன். அது அரைகுறைப் பதில். முழுப் பதில் சொல்ல நாற்பது வருஷக் கதை தேவைப்படுகிறது. அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் 'சாம்பல்' என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். சாம்பல் என்றால் நமக்கு விறகடுப்புச் சாம்பல்தான் ஞாபகம் வரும். மெத்தென்று இருக்கும், ஊதினால் பறக்கும், பாத்திரம் தேய்க்க உதவும். எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து மிஞ்சியது அல்ல. பாறைக் குழம்பு வெடித்துச் சிதறி, நொடியில் உறைந்துபோன கண்ணாடித் தூளும் கல் தூளும்தான் அது. ஜெட் எஞ்சினின் எரியறைக்குள் வெப்பம் 1,400 டிகிரியைத் தாண்டும். இந்தக் கண்ணாடியோ 1,100 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். உருகியது பின்னால் போய், சற்றுக் குளிர்ந்த டர்பைன் பாகங்களில் ஒட்டிக் கொள்ளும். ஜீரா கரண்டியில் இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. காற்றுப் போகும் வழி அடைபட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். போதாக்குறைக்கு, விமானத்தின் வானிலை ரேடார் மழைத்துளியைப் பார்க்குமே தவிர, இந்தக் காய்ந்த தூள் அதன் கண்ணில் படாது.

இதை உலகம் கற்றுக் கொண்டது 1982 ஜூன் 24 இரவு. லண்டனிலிருந்து ஆக்லாந்து போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் கோலாலம்பூரை விட்டுக் கிளம்பி ஜாவாவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில் போய்க் கொண்டிருந்தது. 248 பயணிகள், 15 சிப்பந்திகள். கீழே கலுங்குங் எரிமலை குமுறிக் கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. முன்கண்ணாடியில் நீல ஒளி மின்னியது. உள்ளே கந்தக வாடை. பிறகு ஒவ்வொன்றாக நான்கு எஞ்சின்களும் நின்றன. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம், சின்னப் பிரச்சினை ஒன்று, நான்கு எஞ்சினும் நின்றுவிட்டது, சரிசெய்யப் பாடுபடுகிறோம் என்ற பொருளில் ஓர் அறிவிப்புச் செய்தார். இன்றைக்கும் விமானிகள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் அறிவிப்பு அது. அன்று உள்ளே இருந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அந்தப் பெரிய விமானம் வெறும் காற்றாடி மாதிரி சறுக்கிக்கொண்டே இறங்கியது. பதின்மூன்றாயிரம் அடி வாக்கில் எஞ்சின்கள் திரும்ப உயிர் பெற்றன. அணைந்த எஞ்சின் குளிர்ந்ததும் உள்ளே ஒட்டியிருந்த கண்ணாடி விரிசல் விட்டு உதிர்ந்ததுதான் காரணம். முன்கண்ணாடி மணல் காகிதம் போட்டுத் தேய்த்தது போல மங்கிப் போயிருக்க, கிட்டத்தட்ட கண் தெரியாத நிலையில் ஜகார்த்தாவில் இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. மூன்று வாரம் முடிவதற்குள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747 ஒன்றும் அதே எரிமலையிடம் மாட்டி, அதே ஜகார்த்தாவில் இறங்கியது.

அடுத்தது 1989 டிசம்பர் 15. ஆம்ஸ்டர்டாமிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோ போகவிருந்த கேஎல்எம் விமானம், ரிடவுட் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்தது. இங்கேயும் நான்கு எஞ்சினும் நின்று, 14,000 அடிக்கு மேல் கீழே விழுந்து, கடைசி நேரத்தில் பிழைத்தது. 245 பேரும் தப்பினார்கள். வாங்கி ஆறு மாதம் கூட ஆகாத விமானம். நான்கு எஞ்சினையும் மாற்ற வேண்டியதாயிற்று. மொத்தச் சேதம் 8 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

இந்த 8 கோடியை, தம்பி, மனசில் குறித்து வைத்துக்கொள். இது சேதத்துக்கான கணக்கு. பொருள் கெட்டது, பில் வந்தது. விமான உடலுக்கு எடுக்கும் 'ஹல்' பாலிசி என்று ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிச் சேதம் அதன் எல்லைக்குள் வரும் விஷயம். நான் வேலை பார்த்த உலகத்துக்குப் புரிகிற பாஷை இது.

இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு சும்மா இருக்கவில்லை. 1987-இல் எரிமலைக் கண்காணிப்பு ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. 1990-களில் உலகத்தை ஒன்பதாகப் பிரித்து, லண்டன், துலூஸ், டார்வின், டோக்கியோ, ஆங்கரேஜ் என்று ஒன்பது இடங்களில் சாம்பல் எச்சரிக்கை மையங்கள் வைத்தார்கள். ஹேலி குபி சாம்பலைப் பற்றி நமக்குத் தகவல் சொன்னது பிரான்ஸிலுள்ள துலூஸ் மையம். அந்தமானிலுள்ள நம்முடைய பேரன் தீவு எரிமலை புகைந்தால் சொல்ல வேண்டியது ஆஸ்திரேலியாவின் டார்வின்.

விதி என்னவோ ஒரே வரிதான்: சாம்பல் தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதே. எவ்வளவு சாம்பல் என்ற கேள்வியே கிடையாது. பூஜ்யம்தான் அனுமதி. 1991-இல் சியாட்டிலில் இதற்கென்றே முதல் சர்வதேச மாநாடு நடந்தது. அதற்குப் பிறகும் இருபது வருஷம் போனது. இவ்வளவு வரைக்கும் என் எஞ்சின் தாங்கும் என்று எந்த எஞ்சின் கம்பெனியும் ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கவில்லை. விமானக் கம்பெனிகளும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அலாஸ்காவிலும் பசிபிக்கிலும் வானம் பரந்து கிடக்கிறது, சுற்றிக்கொண்டு போனால் முடிந்தது. எண் எதற்கு?

ஐரோப்பாவில் அப்படிச் சுற்றிப் போக வானம் கிடையாது. அது 2010-இல்தான் தெரிந்தது.

ஐஸ்லாந்தில் ஏயாஃபியாட்லாயோகுட்ல் என்று ஓர் எரிமலை. (பெயரை இரண்டாம் முறை எழுத மாட்டேன். அச்சுக்கோக்கிறவர் பாவம்.) உயரம் சுமார் 1,650 மீட்டர்தான். மார்ச் மாதம் பக்கவாட்டில் சாதுவாகப் பொங்கி, உல்லாசப் பயணிகள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். ஏப்ரல் 14-ஆம் தேதி உச்சியிலுள்ள பனிப்பாறைக்கு அடியில் வெடித்தது. உருகிய பனித் தண்ணீர் கொதிக்கும் குழம்பில் கலந்ததும் சாம்பல் மாவு போல நுண்ணியதாக உடைந்து மேலே போனது. மேலே வீசிய காற்று அதை நேராகப் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டு வந்து சேர்த்தது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ கக்கியதோடு ஒப்பிட்டால் இது கொசு. ஆனால் பினாட்டுபோவுக்கு இந்தக் காற்றும் இந்த நெரிசலான வானமும் வாய்க்கவில்லை.

ஏப்ரல் 15 வியாழக்கிழமை மதியம் பிரிட்டனின் வானம் மூடப்பட்டது. அடுத்தடுத்து ஒவ்வொரு நாடாக. ஞாயிற்றுக்கிழமை 18-ஆம் தேதி ஐரோப்பாவில் வழக்கமாகப் பறக்கும் விமானங்களில் ஐந்தில் ஒரு பங்குதான் பறந்தது. அன்று போலந்தின் கிராக்கோ நகரில், விமான விபத்தில் இறந்த அதிபர் காசின்ஸ்கியின் இறுதிச் சடங்கு. ஒபாமாவால் வர முடியவில்லை, சர்க்கோசியாலும் மெர்க்கலாலும் வர முடியவில்லை. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. ஒரு கோடிப் பயணிகள் அங்கங்கே தங்கிப் போனார்கள். ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையம் மட்டும் அந்த வாரம் திறந்தே இருந்தது! காற்று எதிர்ப்பக்கம் வீசியதே காரணம். காற்று திசை மாறி, 23-ஆம் தேதி அதை மூடினபோது ஐரோப்பா திறந்துவிட்டிருந்தது. ஐஸ்லாண்டேர் கம்பெனி தற்காலிகமாகத் தன் மையத்தை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கே தூக்கிக் கொண்டு போனது.

இப்போது பணக் கணக்கு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா சொன்ன கணக்கின்படி, முதல் ஆறு நாளில் விமானக் கம்பெனிகள் இழந்த வருமானம் 170 கோடி டாலர். உச்ச நாட்களில் தினம் 40 கோடி. பறக்காததால் மிச்சமான எரிபொருள் தினம் 11 கோடி. அதாவது வரவு நின்றது, செலவில் கால் பங்கு அளவுக்குத்தான் மிச்சம்.

இது ஏன் என்று பி.காம். தம்பிக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாயங்காலம் கடைவீதியில் மல்லிகைப் பூ விற்கிற அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். விற்காத பூ மறுநாள் குப்பை. விமானத்தின் காலி ஸீட்டும் அப்படித்தான், விமானம் கிளம்பின நிமிஷம் வாடிவிடும். ஆனால் பைலட் சம்பளம், லீஸ் வாடகை, கடன் வட்டி, நிறுத்தி வைத்த இடத்துக்குக் கட்டணம் எதுவும் வாடாது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பூ என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கென்யாவில் ஐரோப்பாவுக்கென்றே வளர்த்த ரோஜாக்களை விமானமில்லாமல் டன் டன்னாகக் கொட்டினார்கள். பறித்துக் கட்டுகிறவர்களுக்கு வேலை போயிற்று. அயர்லாந்திலிருந்து ஒரு சின்ன டயர் சென்சார் வராததால் ஜப்பானில் நிஸ்ஸான் கார் உற்பத்தியை நிறுத்தியது. இந்த நஷ்டமெல்லாம் அந்த 170 கோடியில் சேராது.

இங்கேதான் என் தொழில் சம்பந்தப்பட்ட இடம் வருகிறது. இவ்வளவு நஷ்டத்தில் இன்ஷூரன்ஸ் கொடுத்தது எவ்வளவு? விமானக் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொழில் நின்று போனதால் வரும் லாப நஷ்டத்துக்குப் பாலிசி உண்டு. நானே எத்தனையோ மில்லுக்கு எழுதியிருக்கிறேன். அதில் முதல் நிபந்தனை, சொத்துக்குச் சேதம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது. மில் எரிந்தால் பணம். மில் நன்றாக இருந்து, வாசலில் ரோடு அடைபட்டு வியாபாரம் நின்றால் பணம் கிடையாது. க்ளெய்ம் ஃபாரத்தோடு வந்த முதலாளிகளுக்கு இதை விளக்கிச் சொல்லித் திட்டு வாங்கியவன் நான். ஐரோப்பாவில் நடந்தது அதேதான். பளபளவென்று விமானங்கள் வரிசையாக நின்றன, ஒரு கீறல் இல்லை. கேஎல்எம்முக்கு வந்தது போல எஞ்சின் கெட்டிருந்தால் க்ளெய்ம் உண்டு. புத்திசாலித்தனமாகப் பறக்காமல் நின்றதற்கு இல்லை. 1989-இல் ஒரு விமானம் கெட்டதற்கு 8 கோடி. 2010-இல் பயணிகளோடு ஒரு விமானமும் விழாமல் இருந்ததற்கு 170 கோடி. அந்த வித்தியாசத்தைத் தருவதற்கு ஆள் இல்லை. பிற்பாடு, சேதமில்லாத தொழில் நிறுத்தத்துக்கும் சில கம்பெனிகள் பாலிசி தயாரித்தன. பிரீமியத்தைக் கேட்டால் தலை சுற்றும்.

அரசாங்கங்கள் தரும் என்று எதிர்பார்த்தார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கா தன் விமானக் கம்பெனிகளுக்கு 500 கோடி டாலர் ரொக்கமாகக் கொடுத்ததைச் சுட்டிக் காட்டினார்கள். அந்த மாதிரி எதுவும் கிடைக்கவில்லை.

அதற்கு மாறாகச் செலவு கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் வருஷத்து விதிப்படி, காரணம் எதுவானாலும் தங்கிப் போன பயணிக்குச் சாப்பாடும் தங்குமிடமும் விமானக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். முப்பது யூரோ டிக்கெட்டுக்கு ஒரு வாரம் ஓட்டல் பில். ரயன்ஏர் முதலில் டிக்கெட் விலை அளவுக்குத்தான் தருவோம் என்றது, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. போர்ச்சுகலின் ஃபாரோவிலிருந்து டப்ளின் போக வேண்டிய ஒரு பயணி சுமார் 1,130 யூரோ செலவைக் கேட்டு அந்தக் கம்பெனி மீது போட்ட வழக்கு, லக்சம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. இது சாதாரண அசாதாரணம் அல்ல, அதிஅசாதாரணம், ஆகவே பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடியது. அப்படி ஒரு வகையே சட்டத்தில் கிடையாது, தொகைக்கோ நாளுக்கோ வரம்பும் கிடையாது என்று 2013 ஜனவரி 31-இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் 2011-லேயே ரயன்ஏர் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 2 யூரோ கூடுதல் கட்டணம் போட்டுவிட்டிருந்தது. ஆக, கடைசியில் சாம்பல் பில்லைக் கட்டியது அடுத்த வருஷம் டிக்கெட் வாங்கினவர்!

வானத்தைத் திறந்த கதையும் பணத்தோடு சேர்ந்ததுதான். மூன்றாம் நாளே கேஎல்எம்மும் லுஃப்தான்ஸாவும் பயணிகள் இல்லாமல் விமானங்களைப் பறக்கவிட்டு, பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை என்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸின் தலைவர் வில்லி வால்ஷ், தானே முன்னாள் விமானி, ஞாயிறு மாலை ஒரு 747-இல் ஏறி அட்லாண்டிக் வரை போய் கார்டிஃபில் இறங்கினார். இன்னொரு பக்கம், பின்லாந்து விமானப்படையின் ஹார்னெட் போர் விமானங்கள் 15-ஆம் தேதி பறந்துவிட்டு வந்து, எஞ்சினுக்குள் கண்ணாடி படிந்திருந்த படங்களை வெளியிட்டார்கள். செவ்வாய்க்கிழமை 20-ஆம் தேதி, வானம் மூடியிருக்கும்போதே பிரிட்டிஷ் ஏர்வேஸின் இருபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து லண்டனை நோக்கி வந்துகொண்டிருந்தன. அன்றிரவு வானம் திறந்தது.

திறந்தது ஓர் எண்ணால். ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லி கிராம் வரை சாம்பல் இருந்தால் பறக்கலாம். இரண்டு மில்லி கிராம் என்றால் ஒரு பொடிக் கடுகின் எடை. எஞ்சின் நொடிக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் காற்றை விழுங்கும் என்பதை மறக்கக் கூடாது, கடுகு பெருகும். ஆனாலும் இருபது வருஷமாகக் கிடைக்காத எண், ஐந்து நாள் நஷ்டத்தில் கிடைத்துவிட்டது. மே மாதமே அதை 4 ஆக்கி, அந்த அளவில் குறிப்பிட்ட நேரம் மட்டும் பறக்கலாம் என்றார்கள்.

வானத்தை மூடியது தப்பா? அன்றைக்குப் பல விமானக் கம்பெனித் தலைவர்கள் தப்பென்றே கத்தினார்கள். 2011-இல் கோபன்ஹேகன், ஐஸ்லாந்து விஞ்ஞானிகள் அந்தச் சாம்பலைச் சோதித்துப் பார்த்து, துகள்கள் கூர்மையாகவும் கடினமாகவும் இருந்தன, மூடியது சரிதான் என்று எழுதினார்கள். என் அபிப்பிராயம், முதல் இரண்டு நாள் மூடியதில் குற்றமில்லை. குற்றம் அதற்கு முந்தின இருபது வருஷத்தில் இருக்கிறது. சாதாரண நாளில் யாரும் செலவு செய்து சோதிக்கவில்லை. நஷ்டம் வந்த பிறகு அதிகாரிகளைத் திட்டினார்கள்.

எண் வந்ததன் பலன் அடுத்த வருஷமே தெரிந்தது. 2011 மே மாதம் ஐஸ்லாந்திலேயே கிரிம்ஸ்வோட்ன் எரிமலை வெடித்தது. முந்தினதை விடப் பெரிய வெடிப்பு. மூன்று நாளில் ஐரோப்பாவில் எதிர்பார்த்த 90,000 விமானங்களில் ரத்தானவை சுமார் 900. அதே ஜூனில் சிலியின் புயேஹுவே எரிமலைச் சாம்பல் தென் உலகத்தையே சுற்றி ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. குவான்டாஸ் விமானங்களை நிறுத்தியது, 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவு என்றது. பக்கத்து ஏர் நியூஸிலாந்து சாம்பலுக்குக் கீழே தாழ்வாகப் பறந்தது. எரிபொருள் அதிகம் எரிந்தது, ஆனால் பறந்தது. ஒரே சாம்பல், ஒரே வாரம், இரண்டு முடிவு.

இப்போது தம்பியின் ஷேர் மார்க்கெட். 2010 ஏப்ரல் 16 வெள்ளியும் 19 திங்களும் ஐரோப்பிய விமானக் கம்பெனிகளின் பங்குகள் இறங்கின. ஆனால் சில சதவீதம்தான். வானமே மூடியிருக்கிறது, பங்கு இவ்வளவுதானா என்று தோன்றும். அந்தச் சில சதவீதத்திலும் சாம்பலின் பங்கு எவ்வளவு? அதே வெள்ளிக்கிழமைதான் அமெரிக்காவில் கோல்ட்மேன் சாக்ஸ் மீது மோசடி வழக்குப் போட்டார்கள், எல்லாப் பங்கும் சேர்ந்து இறங்கியது. ஒரு வாரத்தில் கிரீஸ் நாடு கடனுதவிக்குக் கை நீட்டியது. மே மாதம் ஐரோப்பியப் பங்குகள் விழுந்ததற்குக் காரணம் அதுதான். சாம்பல் போனதும் வித்துடலாம் என்று காத்திருந்தவர் கையில் கிரீஸ் வந்து விழுந்திருக்கும்.

பெரிய முதலீட்டாளர்கள் பதறாததற்குக் காரணம் உண்டு. 2001-இல் அமெரிக்க வானம் மூன்று நாள்தான் மூடியது. ஆனால் பயம் வருஷக் கணக்கில் நின்றது, பயணி திரும்பி வரவில்லை. சாம்பல் பயத்தை விட்டுவிட்டுப் போகாது. வானம் திறந்தால் மறுநாளே கியூ நிற்கும். அது ஒரு தடவைச் செலவு, கம்பெனியின் சம்பாதிக்கிற சக்தியைத் தொடாது. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு அந்த வருஷச் சாம்பல் செலவு சுமார் 10 கோடி பவுண்ட். சின்னத் தொகை அல்ல. ஆனால் ஐயாட்டாவின் கணிப்பைப் பாருங்கள். 2010-இல் உலக விமானக் கம்பெனிகளுக்கு 280 கோடி டாலர் நஷ்டம் வரும் என்று மார்ச்சில் சொன்னது. நடுவில் சாம்பல் வந்து 170 கோடியைத் தின்றது. ஜூனில் அதே ஐயாட்டா, இல்லை, 250 கோடி லாபம் வரும் என்று மாற்றிச் சொன்னது! உலக வியாபாரம் எதிர்பார்த்ததை விட வேகமாகத் திரும்பியிருந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் மட்டும் நஷ்டத்திலேயே நின்றன. 2020-இல் கொரோனா வந்தபோதுதான் உண்மையான அடி விழுந்தது. அந்த ஒரு வருஷ நஷ்டம் சுமார் 13,700 கோடி டாலர். அதன் பக்கத்தில் 170 கோடியை வைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் விழும்போது வாங்குவது சரிதானே என்று தம்பி கேட்பார். கேட்கட்டும். விழுகிறது இரண்டு மூன்று சதவீதம். அதை எல்லாரும் அதே நிமிஷம் பார்க்கிறார்கள். புரோக்கர் கமிஷன், வரி போக என்ன நிற்கும்? இதற்காக உன் கையில் இருக்கப் போவதோ மிகக் கஷ்டமான ஒரு தொழிலின் பங்கு. வாரன் பஃபெட்டே 1989-இல் ஒரு விமானக் கம்பெனியில் பணத்தைப் போட்டுவிட்டு, அதைத் தன் தப்புகளில் ஒன்றாக எழுதினார். 2016-இல் திரும்ப நான்கு கம்பெனிகளில் வாங்கி, 2020-இல் எல்லாவற்றையும் விற்றார். நம் நாட்டில் கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில் நின்றது. ஒன்றுகூட எரிமலையால் நிற்கவில்லை. கடன், எரிபொருள் விலை, எஞ்சின் கோளாறு, இப்படி ஆளுக்கொரு காரணம்.

2025 நவம்பரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். ஏர் இந்தியா சில விமானங்களை ரத்து செய்தது, அவற்றில் சென்னை–மும்பை விமானமும் ஒன்று. சென்னை வானத்தில் சாம்பலே இல்லை. சாம்பல் பக்கம் போய்விட்டு வந்த விமானங்களைச் சோதித்துப் பார்க்க நிறுத்தினார்கள், அதனால் ரத்து. கேஎல்எம்முக்கு வந்த பில்லைப் பார்த்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஒன்றிரண்டு நாளில் சாம்பல் சீனாப் பக்கம் போய்விட்டது. தம்பி அன்றைக்கு ஏர் இந்தியா பங்கை வாங்கலாம் என்று நினைத்திருந்தால் அதுவும் முடியாது. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து வைத்திருக்கும் கம்பெனி, மார்க்கெட்டில் இல்லை. மார்க்கெட்டில் உள்ள பெரிய கம்பெனி இண்டிகோ. எரிமலை அடங்கி பத்து நாள் கூட ஆகவில்லை, டிசம்பர் முதல் வாரத்தில் அதன் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின, பங்கும் சரிந்தது. காரணம் எத்தியோப்பியா அல்ல. பைலட்டுகளுக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்ற புது விதியும், அதற்குப் போதிய ஆள் இல்லாமல் போட்ட டைம்டேபிளும்.

கமிட்டிக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது தம்பி, "அப்போ எரிமலையைப் பார்க்க வேண்டாம், பைலட் ரோஸ்டரைப் பார்க்கணும்ங்கறீங்களா சார்?" என்று கேட்டார். கெட்டிக்காரப் பையன். பேலன்ஸ் ஷீட்டில் லீஸ் வாடகையும் கடனும் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். தெரியும் என்றார். எவ்வளவு என்றேன். பார்க்கவில்லை என்றார்.

ரீயூனியன் அன்று மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் காமர்ஸ் பிளாக் வேப்ப மரத்தடியில் நான் இருப்பேன். தம்பி இண்டிகோவின் கடைசி மூன்று வருஷ ஆண்டறிக்கையோடு வரட்டும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது. டீ என் செலவு.